யாழ்ப்பாணத்து வீதிகளும் பள்ளிப் பாடங்களும்

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நாடு யாழ்ப்பாணக் குடாநாடு. மேலே பனை, கீழே சுண்ணக்கல், இடையே சிறிது செம்மண். இந்த மண்ணிலே நம் முன்னோர் கிணறு தோண்டி நீர் இறைத்து இரண்டு பயிர்களை வளர்த்தனர். ஒன்று புகையிலையும் வெங்காயமும் ஆகிய தோட்டப் பயிர். மற்றையது கல்வி. தோட்டத்தை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பித்த பெற்றோர் இந்நாட்டிற் பலர். அந்தக் கல்வி கணிதத்தையும் அறிவியலையும் எவ்வளவு செம்மையாகக் கற்பித்தது என்பதை உலகம் அறியும். அயலவனைப் பற்றி அது என்ன கற்பித்தது? இதனையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அயலவர் என்று நாம் குறிப்பது எவரை? மொழியால் வேறுபட்ட சிங்களவர், சமயத்தால் வேறுபட்ட முஸ்லிம்கள், கடல் கடந்து வந்து இங்கே தங்கிய பறங்கியர், அமெரிக்கர் முதலானோர் ஆகிய அனைவரையுமே குறிக்கின்றோம். இவர்களுடைய சுவடுகளைக் காண நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. காலையிற் புறப்பட்டால் மாலைக்குள் குடாநாட்டின் மேற்குப் பாதியைச் சுற்றி வந்துவிடலாம். ஒரு கையில் குடையும் மறு கையிற் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடநூலுமாகப் புறப்படுவோம்.

புத்தகத்திற் காணும் அயலவர்

புறப்படுமுன் சில செய்திகளை மனத்திற் கொள்ளுதல் நன்று. இலங்கையில் 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி வந்தது. அதனோடு தாய்மொழிவழிக் கல்வியும் படிப்படியாக வேரூன்றியது. 1960, 1961ஆம் ஆண்டுகளிலே இயற்றப்பட்ட சட்டங்களால் சமய நிறுவனங்கள் நடத்திய பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் வசமாயின. 1980 முதல் மாணவர் யாவர்க்கும் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. இவை யாவும் ஏழைப் பிள்ளைக்கு நன்மை செய்தவையே. தாய்மொழியிற் கற்றல் வேண்டாம் என்று அறிவுடையோர் எவரும் சொல்லார்.

ஆயினும் எவரும் எண்ணாத ஒரு விளைவும் உடன் வந்தது. தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பிள்ளைகளோடு இருந்து படித்தது. சிங்களப் பிள்ளை சிங்களப் பிள்ளைகளோடு இருந்து படித்தது. முஸ்லிம் பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலைகள் ஏற்பட்டன. சமய பாடத்திலோ ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை மட்டுமே கற்கின்றது. ஆதலின் அயலவனை நேரிற் கண்டு, அவனோடு சண்டையிட்டும் சமாதானம் செய்தும் அறிந்துகொள்ளும் வாய்ப்பு அருகிப்போயிற்று. எஞ்சியது புத்தகம் ஒன்றே. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் கல்வியில் மாகாணங்களுக்கும் பங்கு தந்தது. எனினும் நாடு முழுவதற்குமான பாடத்திட்டம் மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்திலேயே வகுக்கப்படுகின்றது.

அப் புத்தகத்தில் அயலவன் மூன்று கோலங்களில் வருகின்றான். முதலாவது, படையெடுத்து வந்தவன் என்னும் கோலம். அநுராதபுரத்து வரலாற்றைப் படிக்கும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழன் பெரும்பாலும் கடல் கடந்து வந்த பகைவனாகவே அறிமுகமாகின்றான். எல்லாளனுக்கும் துட்டகைமுனுவுக்கும் நடந்த போர் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. ஆனால் மகாவம்சமோ எல்லாளனின் நடுநிலை தவறாத நீதியை வாயாரப் புகழ்கின்றது. அவன் நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்டான் என்றும், அவனை வென்ற துட்டகைமுனு அவனுக்கு நினைவுச்சின்னம் எடுத்து வழிபடச் செய்தான் என்றும் அந்நூலே கூறும். மூலநூலில் இருந்த பெருந்தன்மை அதிலிருந்து எடுத்த பாடத்திலே சுருங்கிப்போயிற்று.

இரண்டாவது, பண்டிகைக் கோலம். தைப்பொங்கலுக்கு ஒரு படம், வெசாக்குக்கு ஒரு படம், றமழானுக்கு ஒரு படம், நத்தாருக்கு ஒரு படம். நான்கு குழந்தைகள் கைகோத்து நிற்பார்கள். நல்ல படந்தான். ஆனால் மற்றை நாட்களில் அந்த அயலவன் என்ன தொழில் செய்தான், எதற்காகக் கண்ணீர் விட்டான், எந்தத் தெருவிலே குடியிருந்தான் என்பவற்றைப் படம் சொல்லாது. மூன்றாவது கோலம், கோலமே இன்மை. அதாவது, அவன் புத்தகத்தில் இல்லவே இல்லை. 1980களின் தொடக்கத்தில் ரெஜி சிறிவர்தன, கா. இந்திரபாலா முதலிய அறிஞர்கள் பாடநூல்களை ஆராய்ந்தபோது, சிங்களமொழி வாசிப்பு நூல்களிற் பிற இனத்தவர்க்கு இடம் மிகக் குறைவாய் இருந்ததைச் சுட்டிக்காட்டினர். வரலாற்றுப் பாடத்தில் யாழ்ப்பாண இராச்சியம் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கின்றது என்பது தமிழாசிரியர் பலர் இன்றும் கூறும் குறை.

இக்குறைகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிறர் நம்மை எப்படி எழுதினர் என்று கேட்கும் நாம், நம் அயலவரை எப்படி நினைவில் வைத்திருக்கின்றோம் என்றும் கேட்டல் வேண்டும். அந்த இரண்டாம் கேள்விக்கு விடை இங்குள்ள வீதிகளில் இருக்கின்றது.

பண்ணைக் கரையில்

யாழ்ப்பாண நகரின் பண்ணைக் கரையிலே கோட்டை நிற்கின்றது. போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை ஒல்லாந்தர் ஐங்கோண வடிவிலே திருத்திக் கட்டினர். பாடநூலிலே வெளிநாட்டார் என்றால் இவ்விரு கூட்டத்தாரும் ஆங்கிலேயரும் ஆகிய ஆட்சியாளரே. வந்தனர், பிடித்தனர், வரி வாங்கினர், போயினர். அவ்வளவில் அத்தியாயம் முடிந்துவிடும். ஆயினும் எல்லோரும் போய்விடவில்லை. நகரிலே பறங்கித் தெரு என்று ஒரு தெரு உண்டு. நம்மவரோடு இருந்து, நம் மொழியிலே பேசி, இந்த மண்ணிலேயே அடங்கிய பறங்கிக் குடும்பங்களின் நினைவை அத்தெருவின் பெயர் தாங்கி நிற்கின்றது.

கோட்டைக்கு அண்மையிலேயே பொதுசன நூலகம். வெண்ணிறக் குவிமாடத்தின் முன்னே கலைமகள் சிலை இருக்கின்றது. அதே வளவிலே ஒரு வெள்ளைக்காரத் துறவியின் சிலையும் நிற்பதைக் காண்கின்றோம். அவர் சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராய் இருந்த லோங் அடிகளார். இந்நூலகத்தைக் கட்டியெழுப்ப ஊக்கத்தோடு உழைத்தவர்களுள் ஒருவர். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1959இல் திறக்கப்பட்ட நூலகத்திற்குத் தமிழகத்துக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவம் தந்தார். நூலகவியல் மேதை இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். நகரத்து மக்கள் காசு சேர்த்தனர். ஊரவரும் அயலவரும் சேர்ந்து செய்த அறம் இது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில், இருளிலே வந்தோர் இட்ட தீயில் 97,000 நூல்கள் சாம்பலாயின. புத்தகத்தை எரித்த கை பள்ளிக்கூடம் சென்ற கைதான் என்பதை நினைக்கும்போது மனம் நடுங்குகின்றது. அழிவுக்குப் பாடநூலே காரணம் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அக்கையைத் தடுத்து நிறுத்தத்தக்க ஒரு சொல்லைப் பாடநூல் கற்பித்திருந்ததா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சோனகத் தெரு

நூலகத்தினின்று வடமேற்கே சிறிது தூரம் நடந்தால் சோனகத் தெருவை அடைவோம். சோனகர் முன்பு நல்லூர்ப் பக்கத்திற் குடியிருந்து பின்பு நாவாந்துறைப் பக்கம் பெயர்ந்தனர் என்று யாழ்ப்பாண வைபவமாலை கூறும். அங்ஙனமாயின் அவர்கள் நேற்று வந்தவர் அல்லர். பள்ளிவாசல்களும், ஒழுங்கைகளும், இருபுறமும் நெருங்கிய மதில்களும் உள்ள இந்தத் தெருக்களிலே தையற்காரர், இரும்பு வணிகர், நகை வணிகர், இறைச்சிக் கடைக்காரர், ஆசிரியர், வழக்கறிஞர் எனப் பல தொழிலினரும் வாழ்ந்தனர். முஸ்லிம் என்றால் வணிகர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பாடத்தை இத்தெரு மறுக்கின்றது. 1955இலே யாழ்ப்பாண மாநகரசபையின் முதல்வராய் வீற்றிருந்தவர் எம். எம். சுல்தான் என்னும் முஸ்லிம் பெரியார். தமிழர் பெரும்பான்மையாய் உள்ள நகரின் தலைவராக அவர் விளங்கிய செய்தி எத்தனை மாணவர்க்குத் தெரியும்?

இந்நகர் ஈன்ற மற்றொரு மகன் அ. மு. அ. அஸீஸ். 1911இலே வண்ணார்பண்ணையிற் பிறந்தார். முதலிலே குர்ஆன் மதரசாவிலும் முகமதியப் பாடசாலையிலும் ஓதினார். பின்பு இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த வைத்தீசுவர வித்தியாலயத்திலும், அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றார். இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம் அவரே. 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராய் இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார். சைவ மணம் கமழும் வகுப்பறையிலே அமர்ந்து படித்த முஸ்லிம் சிறுவன் தன் சமயத்தை இழக்கவில்லை. சக மாணவரும் தம் சமயத்தை இழக்கவில்லை. இரு திறத்தாரும் பெற்றது ஒருவரையொருவர் அறியும் அறிவு. கல்விக் கொள்கை வகுப்போர் ஆயிரம் பக்கம் எழுதுவதை இந்த ஒரு வாழ்க்கை விளக்கிவிடுகின்றது.

இனி, சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லவேண்டும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் யாவரும் இரண்டு மணி நேரத்துள் வீடுவாசலை விட்டு நீங்க நேர்ந்தது. அந்த மாதத்திலே வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் தொகை எழுபதாயிரத்துக்கும் மேல் என்பர். பெரும்பாலோர் புத்தளத்திலே ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக் கணக்காக இருந்தனர். 1963இல் நிறுவப்பட்ட ஒஸ்மானியாக் கல்லூரி பிள்ளைகளின்றிக் கிடந்தது. போர்நிறுத்தத்தின் பின்னும், 2009இலே போர் முடிந்த பின்னும் சிலர் மீண்டனர். கல்லூரியும் மீண்டும் நடைபெறுகின்றது. ஆயினும் போனவர் எல்லோரும் வந்திலர். இடைப்பட்ட காலத்திலே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளைக்கு முஸ்லிம் அயலவன் புத்தகத்தில் உள்ள றமழான் படமாகவே இருந்தான். இந்தச் செய்தியை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லாது விடுவோமாயின், பிறர் நம்மை மறைத்து எழுதினர் என்று குறைகூறும் தகுதி நமக்கு எங்ஙனம் உண்டாகும்?

வண்ணார்பண்ணையிலிருந்து நல்லூருக்கு

சோனகத் தெருவை அடுத்ததே வண்ணார்பண்ணை. 1848இலே ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய இடம் இது. நாவலர் மெதடிஸ்தப் பாதிரியார் பேர்சிவலிடம் கற்றவர்; அவரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்கும் உதவியவர். அக்காலத்து மிசன் பாடசாலைகளிலே சைவப் பிள்ளைகள் தம் முன்னோர் சமயம் இருள் என்றும் அறியாமை என்றும் கற்க நேர்ந்தது. நாவலர் வெகுண்டு நின்றுவிடாது தாமே பள்ளி கண்டார், அச்சியந்திரம் வாங்கினார், பிள்ளைகளுக்குப் பாலபாடங்கள் எழுதினார். நம்மைத் தவறாகக் காட்டும் பாடநூலுக்குத் தக்க விடை, நல்ல பாடநூல் ஒன்றை நாமே எழுதுதல் என்பதை அன்றே அவர் காட்டிவிட்டார்.

கிழக்கே சென்றால் நல்லூர். 1619இலே போர்த்துக்கேயரிடம் வீழும்வரை தமிழரசின் தலைநகர். கந்தசுவாமி கோயிலிலே பூசைவேளையிற் கட்டியம் கூறும்போது, கோயிலைக் கட்டுவித்தவனாகப் புவனேகபாகு என்னும் பெயரைச் சொல்லி வாழ்த்துவது வழக்கம். கூட்டத்தோடு கூட்டமாக நின்று நாம் எத்தனை முறை அதனைக் கேட்டிருப்போம்! அவன் யார்? 1450ஆம் ஆண்டளவிற் கோட்டை அரசன் சார்பாக யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரன், பின்பு ஆறாம் புவனேகபாகு எனக் கோட்டையிலே முடிசூடியவன் என்பர் பலர். நம்மவர் அவனைச் செண்பகப் பெருமாள் என்பர். அவனுடைய தந்தை தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒரு பணிக்கர் என்று போர்த்துக்கேயர் எழுதி வைத்தனர். அவன் அல்லன், தமிழரசனின் அமைச்சனாயிருந்த வேறொரு புவனேகபாகு என்பாரும் உளர். விவாதம் எப்படி முடியினும் முடிக. சிங்கள வரலாற்றிலே வெற்றி வீரனாகவும் தமிழ் வரலாற்றிலே படையெடுப்பாளனாகவும் வரும் ஒருவனின் பெயரைத் தமிழர் கோயில் வாழ்த்திக்கொண்டே இருக்கின்றது. பாடநூல் இரண்டு கட்டங்களிலே பிரித்து வைத்ததைக் கோயில் ஒரே மூச்சிலே சொல்லிவிடுகின்றது.

நல்லூரை அடுத்த திருநெல்வேலியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உள்ளது. சேர். பொன். இராமநாதன் 1921இலே நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலே 1974இல் அது தொடங்கியது. போருக்குப்பின் இங்கே சிங்கள மாணவர் பெருந்தொகையாய் வந்து படிக்கின்றனர். 2016ஆம் ஆண்டு யூலை மாதம், புதிய மாணவரை வரவேற்கும் ஊர்வலத்திலே கண்டிய நடனம் இடம்பெறுவது பற்றி எழுந்த பிணக்குக் கைகலப்பாக முற்றியது. பத்திரிகைகள் பல நாள் அதனை எழுதின. குற்றம் யாருடையது என்பதைவிட முந்திய கேள்வி ஒன்று உண்டு. இந்த இளைஞர்கள் பதின்மூன்று ஆண்டு பள்ளியிற் படித்துவிட்டு வந்தவர்கள். அத்தனை ஆண்டில் ஒரு சிங்கள மாணவனோ ஒரு தமிழ் மாணவனோ மற்றவனுடைய மேளத்தை ஒருமுறையேனும் பக்கத்தில் நின்று கேட்டிருப்பானா? யாழ்ப்பாண நகரிலே முன்பு சிங்கள மகா வித்தியாலயம் ஒன்று இருந்தது. பேக்கரி நடத்திய சிங்களக் குடும்பங்களும் இருந்தன. பாண் வாங்கப் போன சிறுவன் சிங்களத்தில் நான்கு சொல் கற்று வந்தான். போர் அவர்களைப் பெயர்த்தபின், இங்குள்ள பிள்ளை கண்ட சிங்களவன் துப்பாக்கி ஏந்திய படைவீரனாகவே இருந்தான். தெற்கிலுள்ள பிள்ளை கேட்ட தமிழன் வெடிகுண்டுச் செய்தியாகவே இருந்தான்.

கந்தரோடைக் கற்கள்

நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே பஸ்ஸில் ஏறினால் கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் என ஊர்கள் வருகின்றன. இப்பெயர்களின் முடிவுகள் சிங்களமென்று கூறுவோரும் தமிழென்று கூறுவோரும் பலகாலமாக வாதிட்டு வருகின்றனர். சுன்னாகத்தில் இறங்கி மேற்கே சென்றால், பனங்கூடலுக்கும் வயல்வெளிக்கும் நடுவே கந்தரோடை. வெண்கற்களாலான சிறிய தூபிகள், கவிழ்த்து வைத்த பானைகள் போல நெருங்கி நிற்கின்றன. சிலவற்றின் உயரம் நம் மார்பளவுதான். 1917ஆம் ஆண்டையடுத்துப் போல் பீரிஸ் என்னும் அறிஞர் இவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தார். 1970இலே அமெரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டோடு ஒத்த கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன.

நாம் சென்ற வேளையிலே சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகள் சிலரும் அங்கு நின்றனர். கொப்பியும் பென்சிலுமாக நின்ற சிறுவன் ஒருவன் தன் ஆசிரியரை நோக்கி, "சேர், இஞ்ச இருந்த ஆக்கள் தமிழரோ, சிங்களவரோ?" என்று கேட்டான். ஆசிரியர் சற்றே யோசித்து, "தம்பி, இருந்த ஆக்கள் புத்தரைக் கும்பிட்ட ஆக்கள். அவ்வளவுதான் இந்தக் கல்லுச் சொல்லுது. மிச்சத்தை நாங்கள் தேடிப் படிக்கவேணும்" என்றார். அந்த விடை நம் உள்ளத்தைக் குளிர்வித்தது.

பௌத்தம் என்றால் சிங்களம், சைவம் என்றால் தமிழ் என்று பாடம் பிரித்த பிறகு, கந்தரோடை இரு திறத்தாருக்கும் சங்கடமாயிற்று. தெற்கே இருந்து வருவோர் இதனைக் கதுறுகொட என்று தமதாக்க முயல்கின்றனர்; நம்மவர் சிலர் அதற்கு அஞ்சி இதன் பக்கமே போவதில்லை. ஆனால் தமிழிலே மணிமேகலையும் குண்டலகேசியும் பிறந்தன. வீரசோழியம் என்னும் இலக்கணம் செய்த புத்தமித்திரர் பௌத்தர். தமிழ்ப் பௌத்தர் என்னும் ஒரு சொல்லைப் பாடநூலில் உரிய இடத்திற் சேர்த்துவிட்டால், இந்தக் கற்களைச் சுற்றிய பகை பாதி தணிந்துவிடும். 1980இலே ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த முத்திரையும், அதன் பிராமி எழுத்தும், இம்மண்ணின் பழமையை ஆராய்ந்து அறியவேண்டும் என்றே நம்மை அழைக்கின்றன.

கடல் கடந்து வந்தவர்

கந்தரோடைக்கு அண்மையில் உடுவில். 1824இலே அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்சுலோ அம்மையார் தொடங்கிய மகளிர் விடுதிப் பாடசாலை, ஆசியாவின் மிகப் பழைய மகளிர் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்று. அவருடைய கணவர் மிரன் வின்சுலோ 1862இலே தமிழ் ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்டார். இன்னும் மேற்கே வட்டுக்கோட்டை. 1823இலே அங்கு எழுந்த செமினரியிலே கற்றவர்களுள் ஒருவரே, பின்னாளிற் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை. சமயம் பரப்ப வந்தவர் கட்டிய பள்ளியிற் கற்று, அங்கிருந்து தமிழ்த் தொண்டுக்குப் புறப்பட்டார் அவர்.

இரண்டிற்கும் இடையே உள்ள மானிப்பாயிலே நாம் நெடுநேரம் நின்றோம். அங்கேதான் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தொண்டாற்றினார். 1840களின் பிற்பகுதியில் வந்த அவர், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று துணிந்தார். கலைச்சொற்கள் இல்லாத இடத்தில் ஆக்கினார். மனுஷ அங்காதிபாதம் முதலிய மருத்துவ நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களை அவர் பயிற்றினார். 1873இலே தாய்நாடு திரும்பி 1884இலே இறந்தார். தம் கல்லறையிலே தமிழர்க்குத் தொண்டு செய்த மருத்துவர் என்றே தம்மைக் குறிக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். தமிழால் முடியாது என்று தமிழரே சொன்ன காலத்தில், முடியும் என்று காட்டியவர் ஓர் அந்நியர்!

வெளிநாட்டவரை வள்ளல் என்றோ வஞ்சகர் என்றோ ஒரு சொல்லில் அடக்கும் பாடம் சோம்பேறிப் பாடம். கல்வி தந்ததும் உண்மை. நம் சமயத்தை இகழ்ந்ததும் உண்மை. இரண்டையும் ஒருங்கே சொல்லக்கூடிய புத்தகமே வளரும் பிள்ளைக்கு ஏற்றது.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வளவு தூரம் வந்தபின் நம் வீட்டுக் கணக்கையும் பார்த்தல் முறை. மொழியும் சமயமும் ஒன்றேயாகிய பிள்ளைகளைக்கூட இக்குடாநாடு ஒரே வாங்கில் இருத்த மறுத்த காலம் ஒன்று இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலோ வகுப்புக்கு வெளியிலோ இருந்து பாடம் கேட்டனர். 1930ஆம் ஆண்டையொட்டிக் கல்விப் பகுதியார் சம ஆசனக் கட்டளை பிறப்பித்தபோது, அதனைப் பொறாதவர் பள்ளிக்கூடங்கள் சிலவற்றிற்குத் தீ வைத்தனர். அதே காலத்திலே, 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் சம ஆசனத்தையும் சமபந்தியையும் துணிந்து முன்னெடுத்தனர். ஹண்டி பேரின்பநாயகம் முதலிய ஆசிரியர்களே அதற்கு முதுகெலும்பாய் நின்றனர். அரசின் கட்டளை ஒருபுறம், ஆசிரியரின் நெஞ்சுரம் ஒருபுறம்; இரண்டும் சேர்ந்தபோதே வாங்கு சமமாயிற்று. இதிலிருந்து நாம் கற்பது, கொள்கை மட்டும் போதாது, அதனை வகுப்பறையிலே நடத்திக் காட்டும் ஆசிரியரும் வேண்டும் என்பதே.

செய்யத்தக்கது

2008ஆம் ஆண்டிலே கல்வி அமைச்சு, சமூக ஒருமைப்பாட்டிற்கும் சமாதானத்திற்குமான கல்வி பற்றித் தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் இரண்டாம் மொழியாகக் கற்பிக்க ஒழுங்குண்டு. நல்ல ஏற்பாடுகள்தாம். இவற்றோடு மூன்று காரியங்கள் சேர்ந்தால் நலம் என்பது நம் கருத்து. ஒன்று, வரலாற்று நூல்களை எழுதும் குழுவிலே எல்லா இனத்து அறிஞரும் தொடக்கத்திலேயே அமர்தல் வேண்டும். ஒரு மொழியில் எழுதி மற்றைய மொழியிலே பெயர்த்துக் கொடுப்பது போதாது. இரண்டு, ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் வரலாற்றை மாணவரைக் கொண்டே எழுதுவித்தல் வேண்டும். அதிலே சோனகத் தெருவும் பறங்கித் தெருவும் கந்தரோடையும் மானிப்பாயும் இடம்பெறல் வேண்டும். மூன்று, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் காலியையும் கண்டியையும் காண்பது போல, அங்குள்ள பிள்ளைகள் இங்கு வந்து, கோட்டையை மட்டும் பார்த்துப் போகாது, நம் பிள்ளைகளோடு ஒரு பகலேனும் ஒரே வகுப்பறையில் இருத்தல் வேண்டும்.

அரசு செய்யும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த விடுமுறையிலே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்த வழியே ஒருமுறை செல்லுங்கள். மாணவர்களே, பாடநூலையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். அதில் எழுதியிருப்பதை வீதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதாது விட்டதை ஓரத்திலே பென்சிலாற் குறித்து வையுங்கள். நாளை பாடநூல் எழுதும் பொறுப்பு உங்களுள் ஒருவருடைய கைக்கு வரும். அப்போது அந்தக் குறிப்புகள் உதவும்.